அரியரை கிளியர் பண்ண அவசரப்படாதீங்க

முதலிலேயே சொல்லிடறேன், இது செமஸ்டர் அரியர் பற்றிய கட்டுரை இல்லை. அதிலும் எனக்கு அனுபவம் உண்டு, மேத்ஸ் டூ புண்ணியத்தில். அதை வேறொரு இதழில் வைத்துக்கொள்ளலாம். இது அரியர் என்ற பெயருள்ள ஒரு நாயைப் பற்றியது. "விட்டுட்டும் போக முடியலை, கிளியர் பண்ணவும் முடியலை, வேற என்னடா பேர் வைக்கறது?" என்று என் ரூம்மேட் ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து அவள் பெயர் அதுதான்.

இன்னொன்றும் சொல்லிடறேன். நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் முழுசாக ஒரு கட்டுரை எழுதியது கடைசியாகப் பொதுத்தேர்வில்தான். பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் நிறைய பேருக்கு நாய் பிடிக்கும். ஹாஸ்டல் மெஸ் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு பாதி சப்பாத்தி போடாதவர் நம் காலேஜில் குறைவு. ஆனால் அடிபட்டு, சூடுபட்டு, மனுஷனைப் பார்த்தாலே நடுங்கும் ஒரு நாயிடம் நாம் செய்கிற முதல் தப்பு, அதன் மேல் பாசத்தைக் கொட்டுவது. அதுக்கு முதலில் தேவைப்படுவது பாசம் இல்லை, நம்மை விட்டு விலகிப் போகும் உரிமை. அதைக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். எட்டு மாதம் அனுபவித்துவிட்டு இதைச் சொல்கிறேன். என் இடது கையில் அதுக்கான தழும்பும் இருக்கிறது.

போன ஜூலையில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில், பஞ்சர் கடைக்குப் பின்னால்தான் அவளை முதலில் பார்த்தோம். பழுப்பு நிற நாட்டு நாய், ஒன்றரை வயது இருக்கலாம். கழுத்தில் ஒரு கம்பி. குட்டியாக இருந்தபோது யாரோ கட்டியிருக்கிறார்கள். கழுத்து வளர்ந்தது, கம்பி வளரவில்லை. தோலைக் கிழித்து உள்ளே போய், புழு வைத்து, பத்தடி தள்ளி நின்றாலே நாற்றம் வந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நாய்களை மீட்கிற ஒரு அண்ணன் வலையோடு வந்து, இரண்டு மணி நேரம் போராடிப் பிடித்தார். கால்நடை மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துக் கம்பியை வெட்டி எடுத்தார்கள். தையல், ஆன்டிபயாடிக், தடுப்பூசி எல்லாம் ஆனது. "புண்ணு ஆறிடும் தம்பி. மத்தது உங்க கையில" என்றார் டாக்டர். மத்தது என்றால் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை.

நாங்கள் நாலு பேர் காலேஜுக்குப் பின்தெருவில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கெஞ்சினோம். "ஒரு மாசம்தான் தம்பி. ராத்திரி குரைச்சா அன்னைக்கே அனுப்பிடணும்" என்றார்கள். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. அரியர் ஏழு வாரம் குரைக்கவே இல்லை. ஓனர் அம்மாவுக்கு நிம்மதி. "பாரு, எவ்ளோ அமைதியான நாய்!" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தையல் பிரித்த வாரம் அவளைக் குளிப்பாட்டினேன். அசையவே இல்லை. வால் வயிற்றுக்கு அடியில், கண் எங்கோ. தண்ணீர் ஊற்ற ஊற்ற சிலை மாதிரி நின்றாள். "வாட் எ குட் கேர்ள்" என்று தலைப்புப் போட்டு ரீல் போட்டேன். லைக் குவிந்தது. இப்போது அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது. முதுகில் வெந்நீர் ஊற்றப்பட்ட ஒரு நாயின் முதுகில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் அமைதியாக இல்லை. உறைந்து போயிருந்தாள்.

இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது. புரிய வைத்தது ஒரு பழைய பரிசோதனை. 1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்தது. இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் எளிதில் அனுமதிக்காத அளவுக்குக் கொடுமையானது. சில நாய்களுக்கு ஷாக் வந்தது, ஆனால் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இன்னும் சில நாய்களுக்கு அதே அளவு ஷாக், ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு, தாண்டினால் ஷாக் இல்லை. முதல் வகை நாய்கள் தாண்டிவிட்டன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை தாண்ட முயற்சிகூட செய்யாமல் படுத்து, ஷாக்கை வாங்கிக்கொண்டன. ஓடியும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டதாக அவர்கள் விளக்கினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், அதே இருவர் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். மூளை ஆராய்ச்சிகள் காட்டியது என்னவென்றால், தொடர்ந்து கொடுமை நடந்தால் உடம்பு தானாகவே முடங்கிப் போகிறது. அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அதுக்கு நேர் எதிரானது: "நான் ஏதாவது செய்தால் நிலைமை மாறும்" என்கிற உணர்வு. நம் பாஷையில் சொன்னால் முடக்கம்தான் டிஃபால்ட் செட்டிங். கட்டுப்பாடு என்பது மேலே இன்ஸ்டால் செய்ய வேண்டியது.

இதைப் படித்த அன்றைக்குத்தான் டாக்டர் சொன்ன "மத்தது" எனக்குப் புரிந்தது. அரியருக்குத் தேவைப்பட்டது என் அணைப்பு இல்லை. அவள் "வேண்டாம்" என்றால் நான் நிறுத்துவேன் என்று தெரிவதுதான். ஆனால் இதைப் படிப்பதற்கு முன்பே என்னைக் கடித்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில்தான் அவள் எப்போதும் படுப்பாள். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் எங்கள் செருப்பு ஸ்டாண்ட். வெளியே வர ஒரே வழி. புதிதாக ஒரு கழுத்துப் பட்டை வாங்கியிருந்தேன், அழகான சிவப்பு. அந்த ஒரே வழியில் நான் உட்கார்ந்துகொண்டு, கழுத்தை நோக்கிக் கையை நீட்டினேன். யோசித்துப் பாருங்க. கம்பி இறுகிய கழுத்து. அதில் நான் பட்டை கட்டப் போகிறேன். அவள் உதட்டை நக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டாவி விட்டாள். கண்ணின் வெள்ளை தெரிகிற மாதிரி ஓரமாகப் பார்த்தாள். கடைசியாக மெல்ல உறுமினாள். ஐந்து தடவை "வேண்டாம்" சொல்லிவிட்டாள். எனக்கு அந்த பாஷை தெரியவில்லை. "ஒண்ணும் இல்லடா செல்லம்" என்று கையை இன்னும் உள்ளே விட்டேன்.

ரத்தம் வந்தது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினேன். (இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம்.) உடனே அரசு மருத்துவமனை. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசி, பிறகு 0, 3, 7, 28 என்று நாலு நாள் தடுப்பூசி. காசு வாங்கவில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் நாம் நமக்கானதைப் போட்டே ஆகணும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க முடியாத நோய். இதில் மட்டும் பாசம், தைரியம் எதுவும் காட்டாதீங்க.

அன்றிரவு வீட்டில் மீட்டிங். இரண்டு பேர் அனுப்பிடலாம் என்றார்கள். நான் அழாத குறை. "இவ்ளோ செஞ்சேன், எனக்கே இப்படிப் பண்ணிட்டா" என்றேன். அப்போது அதுவரை பேசாமல் இருந்த நாலாவது ஆள் கேட்டான்: "அவ உங்கிட்ட கேட்டாளா?"

அவனை டாப்பர் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு நாய் பிடிக்காது. சின்ன வயதில் ஒரு நாய் துரத்தி விழுந்து முட்டி பெயர்ந்தவன். கேட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அறைக்குள் ஃபேன் சத்தம் பிடிக்காமல் தினம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வராண்டாவில், அரியருக்கு முதுகைக் காட்டி, பாய் விரித்து உட்கார்ந்துவிடுவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பேச மாட்டான். எழுந்து போகும்போது மீதி முறுக்கையோ பொரியையோ பின்பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பாய்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவள் படிக்கட்டுக்கு வெளியே வந்து அவனுக்கு ஆறடி பின்னால் படுத்தாள். மாதக் கடைசியில் மூன்றடி. ஒரு நாள் நான் டியூஷன் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், அவனுடைய சிக்னல்ஸ் நோட் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவன் பக்கத்தைத் திருப்ப முடியாமல் அரை மணி நேரமாக அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த பொறாமையை எழுதினால் இந்த இதழில் போட மாட்டார்கள்.

ஒன்றுமே செய்யாதவனிடம் எப்படிப் போனாள்? அவன் ஒன்றும் செய்யாததால்தான். அவனிடமிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிப் போக முடிந்தது. அடுத்து என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வரும்போது மட்டும்தான் என்ன நடக்கும் என்று தெரியாது. ஒரு நாள் குளியல், ஒரு நாள் போட்டோ, ஒரு நாள் கழுத்துப் பட்டை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்தோமே, கெயினை அளவுக்கு மீறி ஏற்றினால் சிஸ்டம் நிலைக்கு வராமல் ஆடிக்கொண்டே இருக்கும் என்று. என் பாசம் அந்த மாதிரி கெயின்.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கு உதவலாம்.

முதல் வேலையாக செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினோம். படிக்கட்டு அடிக்கு இப்போது இரண்டு வாசல். நாங்கள் ஒரு பக்கம் நின்றால் அவள் மறுபக்கமாகப் போகலாம். அவள் அங்கே இருக்கும்போது யாரும் கையை விடக் கூடாது, அது அவள் ரூம். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த மாற்றம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம்.

இரண்டாவது, சாப்பாட்டைக் கையில் வைத்துக் கூப்பிடுவதை நிறுத்தினோம். நமக்கு அது பாசமாகத் தெரியும். அவளுக்கு அது பசிக்கும் பயத்துக்கும் நடுவில் ஒரு இழுபறி. சாப்பிட எட்டி வருவாள், சாப்பிட்டதும் தான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டோம் என்று உணர்ந்து பதறுவாள். அதனால் துண்டு துண்டாக வேகவைத்த சிக்கனை அவளுக்குப் பின்பக்கமாகப் போட ஆரம்பித்தோம். எடுக்க விலகிப் போவாள், பிறகு அவளாக விருப்பப்பட்டுத் திரும்பி வருவாள். அந்தத் திரும்பி வருதல்தான் மார்க். (சமைத்த எலும்பு, வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது.)

மூன்றாவது, நேருக்கு நேர் பார்ப்பதில்லை. குனிந்து தலைக்கு மேல் கை கொண்டுபோவதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வோம். நன்றாகப் பழகிய நாயும் அதன் ஆளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானில் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. அது பழகிய நாய்க்கு. பயந்த நாய்க்கு முறைத்துப் பார்க்கும் கண் மிரட்டல்தான்.

நான்காவது, உறுமினால் அதட்டுவதில்லை. உறுமல் என்பது வார்னிங் லைட். அது எரிந்தால் காரணத்தைத் தேடணுமே தவிர, பல்பைக் கழற்றிப் போடக் கூடாது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

ஐந்தாவது, தொடுவதற்கு முன் கேட்பது. நாயிடம் எப்படிக் கேட்பது? அவளாகப் பக்கத்தில் வந்தால் கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி தடவுங்க. நிறுத்துங்க. கையை எடுங்க. அவள் இன்னும் கிட்ட வந்தால் சரி என்று அர்த்தம். சும்மா நின்றாலோ திரும்பினாலோ வேண்டாம் என்று அர்த்தம். இவ்வளவுதான். கழுத்துப் பட்டையை இன்றுவரை போடவில்லை. நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னெஸ்தான். அதையும் பத்து நாள் தரையில் போட்டு, அதன் மேல் சாப்பாடு வைத்துப் பழக்கிய பிறகுதான் மாட்டினோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். தெருநாய்களுக்கு சாப்பாட்டை விடத் தடவிக் கொடுப்பதுதான் பிடிக்கும் என்று ஒரு ஆய்வு இருக்கிறதே? ஆமாம், இருக்கிறது. ஐசர் கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் குழு 2017-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாத மனிதர்கள் திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்தபோது, சாப்பாடு கொடுத்ததை விட அதில்தான் தெருநாய்களின் நம்பிக்கை கூடியது. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு அது. ஆனால் அந்த நாய்கள் தெருவில் இருந்தன. பிடிக்கவில்லை என்றால் நடந்து போயிருக்கலாம். படிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நாய்க்கு அந்த வசதி இல்லை. தொடுதல் தப்பே இல்லை. தப்பிக்க வழியில்லாத தொடுதல்தான் தப்பு.

இன்னொரு பக்கம் சில சீனியர் அண்ணன்கள் அட்வைஸ் கொடுத்தார்கள். "நீதான் ஆல்ஃபான்னு காட்டணும்டா, மல்லாக்கப் போட்டு அமுக்கு." தயவுசெய்து வேண்டாம். ஓநாய்க் கூட்டத்தில் ஆல்ஃபா என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் டேவிட் மெக், அவருடைய 1970 புத்தகம் வழியாக. காட்டில் ஓநாய்களை நேரில் பல வருஷம் பார்த்த பிறகு 1999-ல் அவரே அந்தக் கருத்தைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைவனாவது வழக்கமில்லை. எழுதியவரே திருத்திக்கொண்டதை நாம் நாய் மேல் பிரயோகிக்க வேண்டாம்.

"இதெல்லாம் ஓவர். சில நாய் திருந்தாது" என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கேஸ். 2007-ல் அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற ஃபுட்பால் நட்சத்திரத்தின் இடத்தில் நாய்ச்சண்டைக்கு வளர்த்த சுமார் ஐம்பது நாய்களைப் பிடித்தார்கள். அதுவரை அப்படிப் பிடிபட்ட நாய்களைக் கொன்றுவிடுவதுதான் நடைமுறையாக இருந்தது. இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று முடிவானது. நிலைமை மோசமாக இருந்த 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற காப்பகத்துக்குப் போயின. பல நாய்களுக்கு சண்டைக் குணத்தை விடப் பயம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. பல நாய்கள் பிறகு வீடுகளுக்குப் போயின. சில கடைசிவரை காப்பகத்திலேயே இருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். எல்லா நாயும் மடியில் வந்து படுக்காது. படுக்காவிட்டாலும் அது தோல்வி இல்லை.

எங்கள் வீட்டிலும் கிராஃப் நேராக ஏறவில்லை. அக்டோபரில் எங்கள் எல்லோர் பக்கத்திலும் வர ஆரம்பித்திருந்தாள். ஒரு சாயங்காலம் கீழே ஓனர் அம்மா கேட்டைத் தட்டியபோது முதல் முறையாகக் குரைத்தாள். அனுப்பச் சொல்வார்களோ என்று நாங்கள் உறைந்து நின்றோம். "வாய் இருக்கா இதுக்கு!" என்று அவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு தீபாவளி வந்தது. முதல் சரவெடியிலேயே படிக்கட்டுக்கு அடியில் போனவள், இரண்டு நாள் சாப்பிடவில்லை, அங்கேயே சிறுநீர் கழித்தாள். மூன்று மாத உழைப்பு இரண்டு ராத்திரியில் காலி. திரும்ப பழைய இடத்துக்கு வர டிசம்பர் ஆனது.

ட்ரிபிள் ஈ ஆட்களுக்கு ஹிஸ்டிரிசிஸ் லூப் தெரியும். இரும்பைக் காந்தமாக்கிவிட்டு கரன்ட்டை ஜீரோவுக்குக் கொண்டுவந்தால் மட்டும் காந்தம் போய்விடாது, மிச்சம் இருக்கும். போன பாதையில் திரும்ப வராது. பயமும் அப்படித்தான். கொடுமை நின்றுவிட்டது, கம்பியும் போய்விட்டது. ஆனால் மிச்சம் இருக்கிறது. அதுக்கு எதிர்ப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்குப் பார்க்காமல் வேலை செய்யணும். "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதத்தில் நாய் செட் ஆகிடும்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சாதாரண நாய்க்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். அரியருக்கு நம் அகாடமிக் காலண்டர் தெரியாது.

ஜனவரியில் ஒரு காலை, லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை. மூச்சுகூட மெதுவாக விட்டேன். இன்னொரு தடவை இடித்தாள். நெஞ்சில் மூன்று விநாடி தடவினேன். நிறுத்தினேன். அவள் நகரவில்லை, இன்னும் கிட்ட வந்தாள். அந்தச் சம்பவத்துக்கு வீடியோ இல்லை. அதனால் லைக்கும் இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

மே மாதம் எங்கள் கோர்ஸ் முடிகிறது. எனக்கு பெங்களூரில் வேலை. தங்கப் போவது ஒரு பிஜியில், நாய்க்கு இடமில்லை. எங்க வீட்டிலும் முடியாது, அப்பாவுக்கு வீசிங். போன ஜூலையில் பஞ்சர் கடைக்குப் பின்னால் நின்றபோதே இது எனக்குத் தெரியும். எந்த மாதம் கோர்ஸ் முடியும் என்று தெரியாத ஃபைனல் இயர் ஸ்டூடன்ட் யார்? ஆனால் நான் யோசிக்கவில்லை. காப்பாற்றினேன் என்ற பெருமை போதுமாக இருந்தது.

ஒருவரை நம்பவே கற்றிராத நாயை நம்ப வைத்துவிட்டு, பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் அதுக்குப் பெயர் என்ன? கம்பி கட்டியவனை விட நான் எந்த வகையில் நல்லவன் என்று சில ராத்திரி யோசித்திருக்கிறேன். அவனாவது அவளை நம்ப வைக்கவில்லை.

இப்போதைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. டாப்பர் வீடு கோபி பக்கம். தோட்டம் இருக்கிறது, அவன் அம்மா சம்மதித்துவிட்டார்கள். ஆனால் நாயின் நம்பிக்கை தானாக ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு மாறிவிடாது. டாப்பரை நம்புகிறாள் என்பதற்காக அவன் அம்மாவை நம்பிவிட மாட்டாள். அதனால் பிப்ரவரியில் அவன் பரீட்சை முடிந்ததிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளை அங்கே கூட்டிப் போகிறோம். அதே பழைய பாயையும் எடுத்துப் போகிறோம். அவன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்கிறார்கள். "கூப்பிடாதீங்கம்மா, பார்க்காதீங்கம்மா" என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். போன தடவை ஆறடி தூரத்தில் படுத்தாள். பார்க்கலாம்.

ஆமாம், அவள் போகப் போவது என்னோடு இல்லை. நாயே பிடிக்காதவனோடு. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவளுக்கு எது நல்லது என்பதும் எனக்கு எது பிடிக்கும் என்பதும் ஒன்று இல்லை என்று இந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொள்ளாவிட்டால் நான் வேறென்ன கற்றேன்?

தெருநாய் வேணுமா வேண்டாமா என்ற சண்டை 2025-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பெரிதாக நடந்தது. அதில் உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். நீங்க செகண்ட் இயரோ தேர்ட் இயரோ என்றால், ஒரு நாயை வீட்டுக்குத் தூக்கி வருவதற்கு முன் நான் கேட்காத கேள்வியைக் கேட்டுக்கோங்க: நான் போன பிறகு இவளுக்கு யார்? பதில் இல்லையென்றால் சிகிச்சை கொடுங்க, கருத்தடை, தடுப்பூசிக்கு ஏற்பாடு பண்ணுங்க, நல்ல வீடு தேடுங்க. அதுவே பெரிய உதவி. "என் நாய்" என்று ஆக்கிக்கொள்ள அவசரப்படாதீங்க.

பதில் இருந்தால், ஒரு பாயை எடுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்காருங்க. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கோங்க. அதே நேரம், அதே இடம், தினமும். அவள் வராமலும் போகலாம். வந்தால் அவளாக வரட்டும். அப்படியே கொஞ்சம் படிச்ச மாதிரியும் இருக்கும், நிஜ அரியரும் குறையும்.